கீலன் கேட்ட வக்கீல்

இலவச வக்கீல் கேட்டு வரும் மனுக்களைப் பார்க்கும் குழுவில் மூன்று பேர்: தலைவியம்மா, ஓய்வு பெற்ற வாத்தியார், பொதுமக்கள் சார்பில் ஒருவர் வேண்டுமே என்று சேர்க்கப்பட்ட பூட்டுக்காரர். மூன்று முறைக்கு மேல் தண்டனை வாங்கியவனுக்கு உதவியை மறுக்கலாம் என்று போன வாரம் புதிதாக உத்தரவு வந்தபோது முதலில் தலையாட்டியவர் பூட்டுக்காரர்தான். திருந்தாத ஜென்மத்துக்கு ஊர்ச் செலவில் வக்கீல் எதற்கு என்பது அவர் கட்சி.

அன்றைய முதல் மனு கீலனுடையது. ஐந்தாவது வழக்கு. பூட்டைத் தொடமாட்டான், கதவின் கீலைக் கழற்றிவிட்டு உள்ளே போவான். அதனால் அந்தப் பெயர். பூட்டுக்காரரின் கடையிலேயே ஒருமுறை கைவரிசை காட்டியவன். பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு சுவரில் சாய்ந்து நின்றது. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

தள்ளுபடி என்று எழுதச் சொன்னார். வாத்தியார் முறைக்காகக் குற்றச்சாட்டை வாசித்தார். மருந்துக்கடைப் பூட்டைக் கடப்பாரையால் நெம்பி உடைத்து உள்ளே புகுந்தான் என்று இருந்தது. பூட்டுக்காரர் அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

கீலனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வக்கீல் கிடைக்காவிட்டால் செய்ததாக ஒத்துக்கொள்ளப் போவதாகவும், தனியாக நின்று வாதாடினால் தண்டனை கூடத்தான் செய்யும் என்றும் சொன்னான். பிறகு பூட்டுக்காரரைப் பார்த்தான்.

"பூட்டை உடைச்சேன்னு எழுதியிருக்காங்கண்ணே. அதுதான் அசிங்கமா இருக்கு."

அவனை வெளியே அனுப்பியதும் வாத்தியார், கள்ளன் புதுசாக ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கூடாதா என்றார். மூன்று திருகாணியைச் சத்தமில்லாமல் கழற்றத் தெரிந்தவன் தெருவையே எழுப்புகிற கடப்பாரையை ஏன் எடுக்கிறான் என்று பூட்டுக்காரர் திருப்பிக் கேட்டார்.

"அப்போ இவன் செய்யலைங்கறீங்களா?" என்றார் தலைவியம்மா.

"செஞ்சானோ இல்லையோ, எனக்கென்னம்மா தெரியும்? திருட்டுப்பய பேச்சை நான் நம்புறதில்ல. நாலு தடவை செஞ்சவன், அஞ்சாவதும் அவன்தான்னு எழுதிட்டாங்க. எழுதினவங்களையும் நான் நம்பல. ஏன்னு கேக்க ஒரு ஆள் வேணும்ல?"

போன வாரம் நேர்மாறாகப் பேசினீர்களே என்று வாத்தியார் குத்தினார். போன வாரம் வாசிக்காமல் பேசினேன் என்றார் பூட்டுக்காரர்.

தலைவியம்மா அவர் பக்கம் நின்றார். கீலனுக்கு வக்கீல் கிடைத்தது. வாத்தியார் அடுத்த மனுவை இழுத்தார். பிக்பாக்கெட்காரன், ஏழு வழக்கு. தள்ளுபடிதானே என்று பேனாவைத் திறந்தார்.

பூட்டுக்காரருக்குப் பிக்பாக்கெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"முதல்ல வாசிங்க" என்றார்.