பரவாயில்லைங்க, ஆனா

நாகரிகத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கும் அறிஞர்கள் தயவுசெய்து ஒரு பக்கத்தைக் காலியாக விட்டுவைக்கவும். நெருப்பு, சக்கரம் இவற்றுக்கு அடுத்தபடியாக மனிதகுலம் எடுத்துவைத்த பெரிய அடி, ஒரு நகரத்தின் நடுவிலிருந்த தெருச்சந்தைக்கு நீல நிறத்தில் கூரை போட்டதுதான். திறப்பு விழாவில் பேசிய அதிகாரி அப்படித்தான் சொன்னார். சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் உயிரோடு இருந்திருந்தால் கூசிப்போய் முன்வரிசையிலிருந்து எழுந்து போயிருப்பான்.

கூரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கெட்டியான பிளாஸ்டிக் தகடு, மழையை விடாது, வெளிச்சத்தை விடும். அதற்கு முன்பு ஆளுக்கொரு கிழிந்த குடையும் கோணியும் கட்டி, மழை வந்தால் சரக்கை மூடுவதா தலையை மூடுவதா என்று தவித்தவர்கள்தான் எல்லோரும். ஏன் நீலம் என்று யாரோ கேட்டதற்கு, வானம் நீலமாகத்தானே இருக்கிறது என்று பதில் வந்தது. வானம் என்னதான் நீலமாக இருந்தாலும் கீழே நிற்கிறவன் தலையில் அதைக் கொட்டுவதில்லை என்பது கேட்டவருக்கும் தோன்றவில்லை, சொன்னவருக்கும் தோன்றவில்லை. கூரை கொட்டியது. மீன்கள் செத்து ஒரு வாரம் ஆன மாதிரி படுத்திருந்தன. வெள்ளைப் பூண்டு நோய் கண்டிருந்தது.

"நான் தக்காளி விக்கிறேன், வர்றவங்க கத்தரிக்கா என்ன விலைங்கறாங்க" என்றாள் தக்காளிக்காரி. "நானும் ஒரு விலையச் சொல்லித் தொலைக்கிறேன்."

அவளுக்கு அடுத்த கடை கிழிசல்காரருடையது. புதுத்துணி தைக்கிறவர் அல்ல அவர். கிழிந்தது, தையல் விட்டுப்போனது, பல்லிளித்த ஜிப்பு, இவைதான் அவர் உலகம். நின்று கையோடு வாங்கிப் போகிற வேலை. தைத்த இடம் தெரியக்கூடாது என்பதுதான் அதில் இருக்கிற ஒரே வித்தை. துணியின் நிறத்துக்கு நூல் பொருந்தினால் தையல் காணாமல் போகும். பொருந்தாவிட்டால் அது கிழிசலையே விளம்பரம் செய்யும். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஒரு மிஷினை வைத்துத்தான் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கூரை வந்த வாரமே வங்கிக் காவலாளி ஒருவர் தன் காக்கி பேன்ட்டோடு திரும்பி வந்தார். நீல வெளிச்சத்தில் காக்கி பாசி பிடித்த மாதிரி தெரிய, கிழிசல்காரர் அதற்கேற்ற நூலைப் போட்டிருக்கிறார்.

"அண்ணே, எம் பின்னாடி வயல் வெளைஞ்சிருக்குன்னு மேனேஜர் சொல்றாரு. சல்யூட் அடிச்சிட்டுத் திரும்பினா மொத்த ஆபீசும் சிரிக்குது."

"பிரிச்சுத் தச்சுத் தர்றேன் தம்பி."

"வேணாம்ணே. எங்க ஆளுங்கல்லாம் வேற எடம் பாத்துக்கறாங்களாம். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

வந்துகொண்டிருந்த வேலையில் பாதி காவலாளிகளுடையது. அவர்கள் போனார்கள். மிச்சப் பாதியும் முதுகில் ஊதாக் கோடு, முழங்கையில் கரும்பச்சைக் கோடு என்று ஒவ்வொன்றாகக் கழன்றது. துணியையும் நூலையும் தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒரு தரம் வைத்துப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் கடைகளுக்கு முன்னால் புதிதாக மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டிச் சரக்கு வந்தால் ஆக்கிரமிப்பு. அதைப் பார்த்துக்கொள்ள ஊதலோடு ஒருவரும் இருந்தார். மனைவி ஒருநாள் வாடிக்கையாளரின் பேன்ட்டைத் துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போகிற பாவனையில் கோட்டைத் தாண்டினாள். ஊதல் ஊதியது.

"என்னம்மா தோள்ல?"

"எங்க வீட்டுக்காரரோடதுங்க."

"பேன்ட்டை வீட்டுல விட்டுட்டா அவரு கடைக்கு வந்தாரு?"

கிழிசல்காரர் மிஷினுக்குப் பின்னால் எழுந்து நின்று, தான் பேன்ட்டோடுதான் இருப்பதைக் காட்டவேண்டி வந்தது. அது வழக்கை இன்னும் கெடுத்தது.

வெளியூர்களிலிருந்து பெரியவர்கள் கூரையைப் பார்க்க வருகிறார்கள், அதிகாரியே கூட்டிவருகிறார் என்று செய்தி வந்தபோது மனைவி பாடம் நடத்தினாள்.

"ஏங்க, ரெண்டே வார்த்தை. கலர் தெரியலைங்க. முன்னாடி பின்னாடி எதையும் சேக்காதீங்க."

"எடுத்த எடுப்புல எப்படிச் சொல்றது? மரியாதையா ஆரம்பிக்க வேணாமா?"

"மரியாதையா ஆரம்பிச்சு நீங்க இதுவரைக்கும் எதை முடிச்சிருக்கீங்க?"

நியாயமான கேள்விக்கெல்லாம் அவர் ஊசியில் நூல் கோப்பார்.

வந்தார்கள். எல்லோர் வழுக்கையும் நீலமாக மின்னியது. அதிகாரி நேராகக் கிழிசல்காரரிடம் வந்து, "என்ன பெரியவரே, புதுக் கூரை எப்படி இருக்கு?" என்றார்.

"பரவாயில்லைங்க, ஆனா..."

இந்த மொழியில் பிறந்த யாருக்கும் தெரியும், 'பரவாயில்லைங்க' என்பது வாசல். வீடு 'ஆனா'வுக்குப் பிறகுதான் இருக்கிறது. கையில்லாதவனைக் கேட்டாலும் முதலில் பரவாயில்லைங்க என்றுதான் சொல்வான். அதிகாரியும் இதே மொழியில் பிறந்தவர்தான். ஆனால் வாசலோடு திரும்பிப் பழகியவர்.

"பரவாயில்லையாம்" என்று விருந்தினர்களிடம் அறிவித்தார். கைதட்டினார்கள். படம் எடுக்கிறவர் முன்னால் வந்தார்.

"அது இல்லீங்க, கலர்..." என்று மனைவி எழுந்தாள்.

"கலரும் புடிச்சிருக்காம்மா? ரொம்ப சந்தோஷம்."

கூட்டம் தக்காளிக்காரியைத் தாண்டிப் போனது. விருந்தினர்களில் ஒருவர் கத்தரிக்காய் செழிப்பாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே போனார்.

அன்று கடையை எடுத்துவைக்கும்போது மனைவி திட்டுவாள் என்று கிழிசல்காரர் காத்திருந்தார். திட்டினால் ஏதாவது சொல்லலாம் என்று சில பதில்களும் தயாராக இருந்தன. அவளோ மிஷினுக்கு உறை மாட்டினாள்.

"ஆனான்னு சொன்னேன்ல?" என்றார்.

"சொன்னீங்க."

"அவரு காதுல விழுந்திருக்கும்ல?"

அவள் உறையின் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சு நன்றாகத்தான் விழுந்தது. இருந்தும் மறுபடி அவிழ்த்துப் போட்டாள்.

பயனாளிகள் காட்டிய உற்சாகத்தால் திட்டம் விரிவுபடுத்தப்படுவதாகவும், பக்கவாட்டிலும் அதே தகடு அடைக்கப்படும் என்றும் பிறகு அறிவித்தார்கள். சந்தை முகப்பில் பெரிய பலகை ஒன்று எழும்பியது. அதில் கிழிசல்காரர் ஆளுயரத்துக்கு மேல் சிரித்துக்கொண்டு நிற்கிறார், கீழே 'பரவாயில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அவருக்கு இப்போது எல்லோரும் வணக்கம் வைக்கிறார்கள். தைக்க யாரும் எதையும் கொண்டுவருவதில்லை.

பலகையில் அவர் பச்சைச் சட்டை போட்டிருக்கிறார். அவரிடம் பச்சைச் சட்டை கிடையாது.