காவலாளியின் நாற்காலி

கண்டக்டருக்கு அன்று விடுமுறை. இரட்டைக் குழந்தை பெற்ற அவன் மனைவி மாதக்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை. "பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன், இவளை எங்கேயாவது கூட்டிட்டுப் போடா" என்று அவன் அக்கா இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். தேசிய ஓவியக்கூடத்துக்கு வந்தார்கள். அனுமதி இலவசம், உள்ளே குளுகுளுவென்றும் இருக்கும்.

பழைய அரசர்களின் படங்களைக் கொட்டாவி விட்டபடியே அவள் கடந்தாள். "இந்த ராஜா முழிக்கறதைப் பாருங்க, நம்ம சின்னவன் மாதிரியே" என்றாள்.

நவீனக் கலை அறைக்கு வந்ததும் அவள் உட்கார இடம் தேடினாள். அங்கிருந்த ஒரே நாற்காலி காவலாளியுடையது. முழங்கால் வலிக்காரர், ஆனாலும் எழுந்துவிட்டார்.

"உக்காரும்மா."

"உங்களுக்கு, அண்ணே?" என்றான் கண்டக்டர்.

"நின்னா தேஞ்சா போயிடுவேன்? மேலாளர் வந்தாத்தான் வம்பு. வேற யாராவது இதுல உக்காந்தா என் வேலைக்கு வேட்டு வச்சிடுவார். செத்த நேரம் உக்காரட்டும்."

உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். தூக்கத்திலும் அவள் கை மடியிலிருந்த பையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது. தூக்கத்தைத் தருபவர் கடவுள். நாற்காலி போடும் வேலையை மட்டும் நம்மிடம் விட்டிருக்கிறார்.

ஒரு பெண் வந்து அவள் எதிரே நின்றாள். பின்னாலேயே ஒரு குடும்பம்.

"எவ்வளவு தத்ரூபமா செஞ்சிருக்காங்க."

"மூச்சு கூட விடுதுங்க."

"உள்ளே மோட்டார் வச்சிருப்பான்."

கண்டக்டர் பேச வாயெடுத்தான். காவலாளி அவன் கையைப் பிடித்தார். "எழுப்பணுமா? பொய்யும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். சும்மா இரு தம்பி."

கூட்டம் சேர்ந்தது. தொழில் பழக்கம் விடுமா? "பார்த்தவங்க முன்னால நகருங்க, வழியில நிக்காதீங்க" என்று கண்டக்டர் கிசுகிசுத்தான்.

அப்போது மேலாளர் வந்தார். அவருடைய காலணி ஒவ்வோர் அடிக்கும் கிறீச்சிட்டது. "யாரு அது நாற்காலியில?"

ஒரு அம்மாள் திரும்பினாள். "ரசிக்கத் தெரியலேன்னா சத்தமாவது போடாம இருங்க சார்."

அந்த அறையில் என்னென்ன படைப்புகள் இருக்கின்றன என்பது மேலாளருக்குத் தலைகீழ்ப் பாடம். கண்டக்டர் அவர் காதருகே குனிந்தான்.

"என் வீட்டுக்காரி சார். ரெட்டைப் பிள்ளைங்க. இப்பதான் கண் அசந்தா. அண்ணன் மேல தப்பில்லை."

பையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த அவள் கையையே மேலாளர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். கயிறு கட்டிய இரண்டு கம்பங்களோடு திரும்பி வந்து, அவள் முன்னால் வேலி போட்டார்.

"யாரும் தொடாம பாத்துக்க" என்றார் காவலாளியிடம், மெல்ல. "உனக்கு ஒரு ஸ்டூல் அனுப்பறேன்."