மருந்தறைப் பூட்டு

பூட்டைத் துளைக்கக் கொழுந்தன் டிரில்லைக் கையில் எடுத்ததும் ஆஸ்பத்திரி மருந்தறை நர்ஸ் குறுக்கே வந்து நின்றாள்.

“உள்ள எல்லாம் கண்ணாடி பாட்டில் சார். ஒண்ணு உடைஞ்சாலும் என் தலைதான் உருளும்.”

இரும்பு அலமாரியின் பூட்டுக்குள் சாவி முறிந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மாற்றுச் சாவி இருந்தும் நுழைக்க வழியில்லை. வெளியே மருந்துக்கு இருபது பேர். அந்த வரிசையில் நின்றிருந்த அண்ணிதான் தங்கள் பூட்டுக் கடைக்குப் போன் போட்டு அவனை வரவழைத்திருந்தாள்.

“தள்ளு தம்பி, நான் பார்க்கறேன்.”

“வேணாம் அண்ணி. போன வருஷம் பூட்டுத் திறக்கற கம்பியக் கீழ போட்டீங்களே, மறந்துடுச்சா? கடை பேரு கெட்டுடும்.”

மறக்குமா? இருபது வருடம் பூட்டோடு பேசிய விரல்கள் அவளுடையவை. அவை வெந்த கிழங்காய் வீங்கியபோது, தொழில் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று இரண்டு வருடம் வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் கம்பி நழுவியது. கொழுந்தன் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, போன் எடுக்கச் சொன்னான்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மாதான் எச்.ஐ.வி. என்றாள். “இந்தக் கிருமி சிலருக்கு மூட்டையும் வீங்க வைக்கும்மா. கிருமியை அடக்கினா மூட்டும் அடங்கலாம். பார்ப்போம்.”

எட்டு மாதம், ஒரு நாள் விடாமல் மாத்திரை. கிருமி சோதனையில் அகப்படாத அளவுக்கு ஒடுங்கிவிட்டது. வீக்கமும் வடிந்தது. ஆனாலும் அவள் கம்பியைத் தொடவில்லை. தொட்டுப் பார்த்து, பழைய கைப்பக்குவம் இல்லை என்று தெரிந்துவிட்டால்?

இப்போது கொழுந்தனின் பையிலிருந்து தானே கம்பியை எடுத்தாள். முறிந்த துண்டின் ஓரமாக நுழைத்துக் கண்ணை மூடினாள். முன்பு இரும்பு முழுக்க ஒரே வலியாக இருந்தது. இன்று சாவியின் ஒவ்வொரு பல்லும் விரல் நுனியில் தனித்தனியாகப் பேசியது. ஒன்று, இரண்டு, மூன்றாவதில் கம்பியின் கொக்கி மாட்டியது. மெல்ல இழுத்தாள்.

துண்டு உள்ளங்கையில் விழுந்தது.

மாற்றுச் சாவி திரும்பியது, கதவு திறந்தது. வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். கொழுந்தன் டிரில்லின் வயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

“கம்பி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி” என்றான், நிமிராமல்.

அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள். மறுபடி திறந்தாள். மறுபடியும் பூட்டினாள்.

“திறந்தத எதுக்கும்மா பூட்டறே?” வரிசையில் முதலாவதாக நின்ற பெரியவர் பதறினார்.

“ஒரு வருஷப் பசி பெரியவரே, பொறுங்க!”

சாவி இன்னொரு தரம் திரும்பியது.