அடிக்கு இரண்டு நூல்

ஓடைமேட்டூர் மாதா கோயிலில் பதினான்கு மின்விசிறிகள். ஒவ்வொன்றின் மூன்று இறக்கையிலும் உபயம் செய்தவர் பெயர் உண்டு. போன வருடம் ஒரு குடும்பம், விசிறி சுற்றும்போது தங்கள் பெயர் தெரியவில்லை என்று பங்குப் பேரவையில் முறையிட்டு, ஞாயிறு இரண்டாம் பூசை நேரத்தில் தங்கள் விசிறியை மட்டும் நிறுத்திவைக்க அனுமதி வாங்கியது. அதற்குக் கீழே இடம் கிடைத்தவர்கள் வியர்த்து வழிந்தபடி அண்ணாந்து அந்தப் பெயரைப் படிப்பார்கள். மார்ட்டினும் பல வாரம் படித்தார். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மார்ட்டின் சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டுகிற தச்சர். மூன்று வருடத்துக்கு முன் பட்டறையின் இழைப்பு மெஷின் அவருடைய வலது கையைக் கொஞ்சம் ருசி பார்த்தது. சேலத்தில் தைத்தார்கள். இரண்டு விரல் மடங்குமா என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்த மூன்று மாதத்தில் மார்ட்டின் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டார். விரல்கள் சரியானால் அதே விரல்களால் மாதாவுக்கு மரத்தில் ஒரு கப்பல். அளவில் ஒரு நூல் பிசகாமல்.

புயலில் சிக்கிய கப்பலைக் கரை சேர்த்தவள் மாதா என்பது ஊரறிந்த கதை. ஓடைமேட்டூருக்கும் கடலுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டர் இருப்பதும் ஊரறிந்ததுதான். வேண்டுகிற நேரத்தில் யார் தூரம் பார்க்கிறார்கள்.

விரல்கள் மடங்கின. மனைவி நான்சி சந்தோஷத்தோடு ஒரு சந்தேகமும் கேட்டாள்.

"ஏனுங்க, மெழுகுத்திரின்னு வேண்டியிருந்தா அன்னைக்கே பத்த வெச்சுட்டு ஊடு வந்திருக்கலாமில்லீங்க?"

வேண்டிய பிறகு கேட்டால் என்ன செய்வது. மார்ட்டின் இணையத்தில் ஒரு பழைய மூன்று பாய்மர வணிகக் கப்பலின் வரைபடத்தைப் பிடித்தார். அளவு, அடிக்கு இரண்டு நூல். பட்டறைக் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். கப்பலில் ஓரடி இருப்பது அவர் மேசையில் கால் அங்குலமாகும். நூற்றிருபது அடிக் கப்பல் இரண்டரை அடியாகும்.

உடம்பு ஆறே மாதத்தில் எழுந்துவிட்டது. விலா வைத்துப் பலகை அடிப்பது அவருக்குச் சோறு போடுகிற வேலை; லாரியில் வளைவு கிடையாது, கப்பலில் நேர்கோடு கிடையாது, அவ்வளவுதான். தாலி அறுத்தது மேல்தளச் சாமான்கள். கயிறு கோக்கிற மூன்று கண் கட்டைகள் முப்பத்தாறு, ஒவ்வொன்றும் மிளகு கனம். ஊசியை உடைத்து டிரில்லில் மாட்டி ஓட்டை போட்டார். நூற்றுப்பத்து செய்து முப்பத்தாறு தேறியது. நங்கூரம் இழுக்கிற உருளை கொய்யாக் கட்டையில். சுக்கான் சக்கரத்தின் பத்து ஆரங்களும் ஈர்க்குச்சியில். கப்பல் மணிக்கு லாரி டியூபின் பித்தளை வால்வைக் கடைந்தார். மூன்று நூல் உயரம். உண்மைக் கப்பலில் ஒன்றரை அடி மணி என்றால் மேசையில் மூன்று நூல். விரல் நுனியால் தட்டினால் ஒரு சத்தம் வரும். கொசு தும்மினால் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் காலத்துக் கப்பல்களில் மேல்தளத்தில் கோழிக்கூண்டும் இருந்தது. வரைபடத்தில் இருந்ததால் அதையும் செய்தார். ஆறு கோழி அடங்கும்.

செப்டம்பர் எட்டாம் தேதித் திருவிழாவுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது, பங்குப் பேரவைத் துணைத் தலைவர் லாசர் பட்டறைக்கு வந்தார். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி நான்கும் டிரெய்லர் ஒன்றும் வைத்திருப்பவர். கோயிலில் எட்டு விசிறி அவர் குடும்பத்துடையவை. கப்பலை நாலு பக்கமும் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். கண் கலங்கினார்.

"மார்ட்டினு, நெம்ப அருமையா இருக்குது சாமி. பேரு எங்க போடறது?"

"பேரு போடறதில்லீங்க அண்ணா. வேண்டுதல்."

"உன் பேரு வேண்டாம். அது உன்னோட பெருந்தன்மை. நான் மத்தவிங்க பேரைக் கேக்கறேன்."

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பு வந்தது. மாதாவின் கப்பலில் உள்ள ஒவ்வொரு சாமானையும் ஒவ்வொரு குடும்பம் தன் உபயமாக ஏற்றுக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டுக்குள் கப்பல் காலி. மணி லாசர் குடும்பம். சுக்கான் சக்கரம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை இன்பமேரி. கோழிக்கூண்டை, நாமக்கல்லில் பண்ணை வைத்திருக்கும் காளியண்ணன் போனிலேயே பிடித்துக்கொண்டார். அவர் இந்துதான், ஆனால் மாதாவிடம் வேண்டிக்கொண்ட வருடம் முட்டை விலை ஏறியதிலிருந்து அவருக்கு மதபேதம் கிடையாது.

திங்கட்கிழமை பெயின்டர் பிரபாகர் பிரஷ்ஷோடு வந்தான். லாரிக்கு முன்னும் பின்னும் எழுதியே கை பழகியவன். லாசர் தந்த சீட்டை மார்ட்டினிடம் நீட்டினான். 'அமரர் சவரிமுத்து நினைவாக, லாசர் போர்வெல்ஸ் குடும்பத்தார், ஓடைமேட்டூர், அன்புடன் உபயம்.'

மார்ட்டின் சாமணத்தால் மணியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். பிரபாகர் அதை வெகுநேரம் பார்த்தான்.

"இதுல புள்ளி வைக்கலாமுங்க."

"அப்ப புள்ளி வெச்சுட்டுப் போ."

"அதெப்படிங்க. எழுத்துன்னா ஒரு அங்குலமாச்சும் வேணும். பின்னால வார வண்டிக்காரன் படிக்கோணுமில்ல."

"கப்பலுக்குப் பின்னால எவன்டா வண்டியில வாரான்?"

"நம்ம தொழில் சுத்தமா இருக்கோணுமுங்க," என்றான் பிரபாகர். அவனுக்கும் ஒரு வேண்டுதல் இருந்திருக்கும் போல. மணி ஆறு அங்குலமாவது இருந்தால் நாலு வரியில் அடக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு, அதை லாசருக்கும் போனில் சொல்லிவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை இன்பமேரி டீச்சர் வந்தார். சக்கரத்தின் ஒவ்வோர் ஆரத்துக்கும் ஒரு பேரப்பிள்ளை என்பது அவருடைய திட்டம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணினார்.

"பத்துதான் இருக்கு?"

"ஆமாங்க டீச்சர். பத்துதான்."

"எனக்குப் பேரப்பிள்ளைங்க பதினொண்ணு. கடைசி மருமக வேற ஊட்டுல கோவமா இருக்கறா. இந்த நேரத்துல அவ பையனை விட்டா நான் எப்படிங்க அந்த ஊட்டுப் படி ஏறறது?"

பதினோரு ஆரம் வைத்த சக்கரம் உலகத்தில் எந்தக் கப்பலிலும் இல்லை என்று மார்ட்டின் பணிவாகச் சொன்னார். உலகத்தில் எந்தக் கப்பலும் டீச்சரின் மருமகளைப் பார்த்ததில்லை என்பதை டீச்சர் அதைவிடப் பணிவாக விளக்கினார்.

காளியண்ணன் காரை விட்டு இறங்கும்போதே கூண்டைக் குறை சொன்னார்.

"ஏனுங்க, ஆறு கோழியா? நம்ம பண்ணையில நாப்பதாயிரம் நிக்குது. ஆறுன்னு போட்டா பேங்க்ல என்ன நெனைப்பாங்க?"

"கப்பல்ல அவ்வளவுதானுங்க வெச்சிருந்தாங்க."

"அதான் முங்கியிருக்கும். மூணு அடுக்கு பண்ணுங்க. முட்டை உருண்டு வாரதுக்குச் சரிவு எங்க? தண்ணிக் குழாய் எங்க? அந்தக் காலத்துல தெரியாமச் செஞ்சாங்க, நாம தெரிஞ்சே செய்யலாமுங்களா?"

அன்று மார்ட்டின் கோழிக்கூண்டின் முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். நான்சி டீயை வைத்துவிட்டு நின்றாள்.

"எடுத்துப் பொறத்தால வெச்சுட்டு, தரமாட்டேன்னு சொல்லுங்க."

"வேண்டுனது மாதாவுக்கு. தரமாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"அப்பக் குடுத்துருங்க."

"குடுத்தா எழுதுவாங்க. எழுதோணும்னா சாமானைப் பெருசு பண்ணோணும். பெருசு பண்ணுனா அளவு போச்சு. அளவு பிசகாமன்னு வேண்டியிருக்கறனே. விரலு மறுபடி மடங்காமப் போனா?" அவர் வலது கையை ஒருமுறை மூடித் திறந்து பார்த்துக்கொண்டார்.

இது வேடிக்கையல்ல. இரண்டு விரல் இல்லாமல் உளி பிடிக்க முடியாது. உளி பிடிக்காமல் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. மாதா அவ்வளவு கறாரானவளா என்று கேட்கலாம். லாரி பாடி கட்டுகிறவர்களுக்குத் தெரிந்த முதலாளிகள் எல்லோரும் கறாரானவர்கள்தான்.

யோசித்ததில் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. கணக்கை வைத்தே இவர்கள் வாயை அடைப்பது. வெள்ளிக்கிழமை பேரவைக் கூட்டத்துக்குச் சுருட்டிய வரைபடத்தோடு போனார். லாசர், இன்பமேரி டீச்சர், காளியண்ணன் என்று உபயதாரர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒரு கோடியில் பிரபாகர். பங்குத்தந்தை புதிதாக வந்த சின்ன வயதுக்காரர்; எல்லாவற்றுக்கும் 'பார்க்கலாம்' என்பார். பார்ப்பார்.

மார்ட்டின் எழுந்தார். "மணி மூணு நூலுங்க. பிரபாகருக்கு ஆறு அங்குலம் வேணுமாம். ஆறு அங்குலம்னா நாப்பத்தெட்டு நூல். பதினாறு மடங்கு. சரிங்களா?"

சரி என்றார்கள்.

"மணி பதினாறு மடங்கு ஆச்சுன்னா சக்கரமும் பதினாறு மடங்கு ஆகோணும். உருளையும் ஆகோணும். கோழிக்கூண்டும் ஆகோணும். கப்பல் மட்டும் இரண்டரை அடியிலயே கெடந்தா, மணிக்கு அடியில கப்பல் தொங்கற மாதிரி இருக்கும். அதனால கப்பலும் பதினாறு மடங்கு பெருசாகோணும். இரண்டரை அடி பெருக்கல் பதினாறு, நாப்பது அடி." கொஞ்சம் நிறுத்தி, எல்லோரையும் பார்த்துவிட்டு முடித்தார். "நாப்பது அடிக் கப்பலுக்கு நான் எங்கீங்க போறது?"

மார்ட்டின் வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். ஜெயித்தவனின் அடக்கத்தோடு மெதுவாகத்தான் சுருட்டினார்.

"நாப்பது அடி," என்றார் லாசர், யாரிடமோ கேட்பது போல. "நம்ம டிரெய்லர் நாப்பது அடிதானே."

சுருட்டுவது நின்றது.

"ரிக் ஏத்தறது. ஷெட்டுல சும்மாதான் நிக்குது. மேல அப்படியே பாடி கட்டிரலாமே. மார்ட்டினு, நீ கட்டாத பாடியா?"

"நாப்பது அடின்னா கூண்டு நல்லா பெருசா வருமுங்களா?" என்றார் காளியண்ணன்.

"பதினொண்ணு என்ன, இருபது ஆரம் வைக்கலாம்," என்றார் டீச்சர். இரண்டாவது மருமகளுக்கு இது ஆறாவது மாதம்.

பங்குத்தந்தை பார்க்கலாம் என்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சரி என்றார்.

"அப்ப, நான் செஞ்சது?" என்று கேட்டார் மார்ட்டின்.

"அதுல எழுத எடமில்லையே சாமி," என்றார் லாசர், குழந்தைக்குச் சொல்வது போல. "அது சாம்பிள். அத நீயே வெச்சுக்க, கொண்டுபோய் மாதா காலடியில வெய்யி, என்னமோ பண்ணு. யாருக்கு வேணும்?"

மார்ட்டின் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மூலை திரும்பி யாரும் பார்க்கவில்லை என்று உறுதியான பிறகுதான் சிரித்தார்.

டிரெய்லர் கப்பல் பதினெட்டு நாளில் தயார். வேண்டுதல் இல்லாத வேலை எப்போதும் வேகமாக நடக்கும். மணியை ரிக் வண்டியின் கேசிங் பைப்பில் வெட்டினார்கள். அடித்தால் மணிச் சத்தம் வராது, பைப்புச் சத்தம் வரும். பெயர் மட்டும் நாலு வரியில் பளிச்சென்று தெரிந்தது. சக்கரத்துக்குப் பன்னிரண்டு ஆரம். பிறக்கப்போகிற குழந்தைக்கு ஒன்று காலியாக விடப்பட்டது. கூண்டில் மூன்று அடுக்கும் உயிருள்ள கோழிகள், முட்டைச் சரிவு, தண்ணீர்க் குழாய். பழக்கதோஷத்தில் பிரபாகர் கப்பலின் பின்புறம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டு, அழிக்க மனமில்லாமல் இரு பக்கமும் தாமரை வரைந்தான். மார்ட்டின் டேப் பிடித்துப் பார்த்தார். கோழிக்கூண்டையும் சக்கரத்தையும் தவிர எல்லாம் சரியாகப் பதினாறு மடங்கு. அது அவருக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

திருவிழா அன்று மாலை நான்கு மணிக்குக் கப்பல் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. உச்சியில், பவனிக்கென்றே உள்ள மாதா சொரூபம். ஊர் முழுக்க அதன் பின்னால். பாதிப்பேர் ஜெபமாலை சொன்னார்கள், பாதிப்பேர் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். முதல் கரண்ட் கம்பியிலேயே பாய்மரம் இடித்து, லைன்மேனைத் தேடி ஆள் ஓடியது.

கோயில் காலியாக இருந்தது. மார்ட்டினும் நான்சியும் துணி போர்த்திய சின்னக் கப்பலைத் தூக்கி வந்து பீடத்தில் மாதா காலடியில் வைத்தார்கள். முப்பத்தாறு கட்டைகளும் அதனதன் கயிற்றில். வால்வு மணி ஒருமுறை தும்மியது. மார்ட்டின் முழந்தாளிட்டு, விரல்களை மடக்கி நிமிர்த்திக் காட்டினார். கணக்கு நேரானது.

எழுந்தவர் போகவில்லை. நின்று பார்த்தார்.

"நெம்ப நல்லாத்தான் இருக்குது," என்றாள் நான்சி. "யாரு செஞ்சதுன்னுதான் ஒருத்தருக்கும் தெரியப்போறதில்ல."

"மாதாவுக்குத் தெரியும்."

"அது சரி."

மார்ட்டின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"ஊக்கு இருக்குதா?" என்றார் மார்ட்டின்.

அவள் சேலையிலிருந்து ஒன்றைக் கழற்றித் தந்தாள். எதற்கென்று கேட்கவில்லை. அவர் கப்பலை மெல்லத் திருப்பினார். சுவரைப் பார்க்கிற பின்பலகை. யார் கண்ணிலும் படாது. கப்பலின் பின்புறம் பெயர் எழுதுவது உலக வழக்கம், அதில் தப்பில்லை. ஊக்கு முனையால் 'மார்ட்டின்' என்று கீறினார். எழுத்து இரண்டு நூல் உயரம். உண்மைக் கப்பலில் ஓரடி. டிரெய்லரில் லாசரின் எழுத்து ஓர் அங்குலம். அந்தக் கப்பல் மூன்றில் ஒரு பங்கு அளவு என்பதால், உண்மையில் மூன்றே அங்குலம். மனக்கணக்குத் தப்பியிருக்குமோ என்று இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். ஓரடிதான். லாசருடையதைப் போல நாலு மடங்கு.

"எம் பேரு?" என்றாள் நான்சி.

"வேண்டுதல் என்னோடது."

"மூணு வருஷம் மரத்தூளைக் கூட்டுனது யாருங்க?"

நான்சி என்று எழுதினார். மகள் ஜெர்லினை விட முடியாது, அவளையும் எழுதினார். அப்புறம் அப்பா நினைவுக்கு வந்தார். செத்துப் பன்னிரண்டு வருடம், ஒரு விசிறியில்கூட அவர் பெயர் இல்லை. 'அமரர்' என்று ஆரம்பித்தார். ர் போடும்போதே பலகை முடிந்துவிட்டது.

மார்ட்டின் ஊக்கை வாயில் கவ்விக்கொண்டு, பலகையின் விளிம்பைக் கட்டைவிரலால் அளந்தார். கப்பலை இன்னும் கொஞ்சம் பெரிதாகச் செய்திருக்கலாம் என்று தோன்றியது.