முகப்புத் தகடு

மலேசியாவின் குருண் ஊரில், பெரிய சாலையோரத்தில் பரஞ்சோதியின் மூன்று மாடிக் கட்டடத்துக்குப் புது முகப்பு ஏறிக்கொண்டிருந்தது. மேல்மாடிகளில் தொழிற்சாலைப் பெண்கள் பதினாறு பேர் வாடகைக்கு இருந்தார்கள். பழைய சுவரை மறைத்து வெள்ளி நிறத் தகடுகளைப் பொருத்தும் வேலையைக் குத்தகையாளர் குணாளன் எடுத்திருந்தார்.

அன்று காலை, பின்பக்கம் இரும்புச் சட்டம் அறுத்தபோது தெறித்த பொறி கழிவு அட்டையில் விழுந்து பற்றியது. பக்கத்தில் கிடந்த தகட்டுத் துண்டும் பிடித்துக்கொண்டது. இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் உருகி, எரிந்தபடியே சொட்டியது. துணி காயப்போட வந்த மேல்மாடிப் பெண் ஷீலா தீயணைப்புக் கருவியோடு ஓடிவந்து அணைத்தாள்.

"சின்ன நெருப்புதான்லா!" குணாளன் சிரித்தார்.

ஷீலா சிரிக்கவில்லை. தொழிற்சாலைக்கு வரும் பொருளையும் அதன் ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை.

"நெருப்பு தாங்கும்னு சொன்னீங்களேண்ணே. சர்ட்டிபிகேட் இருக்கா?"

குணாளன் கைப்பேசியில் காட்டினார். ஷீலா ஒரு தகட்டைப் புரட்டி, பின்புறம் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்தாள்.

"நம்பரே வேறண்ணே. இந்தப் பேப்பர் வேற சாமானுக்கு."

"வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்மா. யாரு செக் பண்ணப் போறா?"

"நான் பண்ணிட்டேனே."

புகை நாற்றம் வரவே பரஞ்சோதி வந்து சேர்ந்தார். ஷீலா நடந்ததைச் சொல்லி மேலே கை காட்டினாள். "கீழ பிடிச்சா மேல வரைக்கும் ஏறிடும் அங்கிள். நாங்க தூங்குற ரூம் ஜன்னல் அங்கதான் இருக்கு."

பரஞ்சோதி குணாளனைப் பார்த்தார். "ஏன்டா இப்படிச் செஞ்ச?"

"நான் செஞ்சது தப்புதாண்ணே. ஆனா நீங்களும் கலர் மட்டும்தானே கேட்டீங்க?"

அது உண்மை. எந்த வெள்ளி நிறம் எடுப்பாக இருக்கும் என்று கடையில் ஒரு மணி நேரம் பார்த்தவர், எரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சுவரில் ஏறியிருந்த தகடுகளைக் காட்டினார்.

"எல்லாத்தையும் கழட்டு. இன்னிக்கே."

ஒரு மாதம் கட்டடம் வெறும் சுவரோடு நின்றது. பிறகு, எளிதில் தீப்பிடிக்காத தாதுக் கலவையை நடுவே வைத்த தகடுகள் வந்து இறங்கின. பரஞ்சோதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தகட்டுக் கட்டிலும் இருந்த எண்ணைச் சோதனைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

"முன்ன வந்த கலர்தான் அழகா இருந்துச்சு," என்றார் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அன்சார்.

"இருக்கட்டும்லா பாய். எரிஞ்சா என்ன ஆகும்னு கேக்காம கட்டடத்துக்கு எதையும் வாங்கக் கூடாது. அதைக் கேக்க வேண்டியது நான். வாடகைக்கு இருக்கிற பொண்ணு கேக்குற வரைக்கும் விட்டேன் பாருங்க, அதுதான் என் தப்பு."