சைகலின் சாட்சியில் நான் அடித்த வரி

1.
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. யார் மேல் கோபம் என்பதைக் கடைசிவரை மறைத்து வைப்பதாகத்தான் திட்டம். அந்தச் சாமர்த்தியத்துக்கு எனக்கு இப்போது பொறுமையில்லை. என் மேல்தான்.

முதல் தொடக்கம்: "எங்கள் மலை நகரமான நரினில் பனி கொட்டிய ஒரு காலையில் சைகல்..." வேண்டாம். பனி என்ன பாவம் செய்தது.

இரண்டாவது: "சைகல், தையல்காரி, முப்பத்துநான்கு வயது, எட்டு மாதமாகப் படுக்கையைவிட்டு எழவில்லை." இது உண்மை. இருக்கட்டும்.

2.
எங்கள் கிறிஸ்தவ சபை ஒரு வீட்டின் முன்னறை. நாற்பது பேர். மதம் மாறியவர்கள் என்று ஊரார் கேலி பேசுவார்கள். அதனால் ஞாயிறுதோறும் குணமான ஒருவர் எழுந்து சாட்சி சொன்னால்தான் எங்களுக்கு டீ தொண்டையில் இறங்கும். பேச வராதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை.

சைகலை எழுப்பியவர் புருல் அக்கா, சபையின் ஆலோசகர். வாரம் தவறாமல் போய் அவள் கட்டிலருகே உட்கார்ந்தார். முதல் மாதம் ஜெபம்கூடச் செய்யவில்லை, தலை வாரிவிட்டார். பிறகு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

"மாத்திரை போட்டா விசுவாசம் கொறஞ்சிடுமா அக்கா?" என்று சைகல் கேட்டாளாம்.

"கண்ணாடி போட்டுட்டுத்தான் நான் வேதம் வாசிக்கிறேன். பேசாமப் போடுடி."

(இவ்வளவு நல்லவர் என்றால் நம்ப மாட்டீர்கள். முன்கோபி. சமையலில் உப்பை அள்ளிப் போடுவார். இப்போது நம்புங்கள்.)

3.
சைகல் எழுந்தாள். தைத்தாள். சாட்சிக்காக என்னிடம் சொன்னதில் ஒரு வரி: "தினமும் காலைல மாத்திரை போடுறேன், இன்னும் போடணும்."

அதைக் கோடு போட்டு அடித்தேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. ஆண்டவரின் மகிமை குறைந்துவிடுமே என்று நானாகவே அவருக்கு வக்கீலானேன்.*

"இயேசு என்னை முழுவதும் குணமாக்கினார்" என்று அவள் வாசித்தாள். கைதட்டினோம். நான்தான் அதிகமாகத் தட்டினேன்.

* அவர் வக்கீல் கேட்டதாக வேதத்தில் எங்கும் இல்லை.

4.
மறுநாளே அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். சபை முன்னால் குணமானேன் என்று சொல்லிவிட்டு மாத்திரை விழுங்கினால் அது பொய்ச்சாட்சி அல்லவா? யாரிடமும் சொல்லவில்லை. ஆறாம் வாரம் கதவைச் சாத்திக்கொண்டாள். புருல் அக்கா தாழ்ப்பாளைக் கோடரியால் உடைத்து உள்ளே போனபோது அவள்...

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மன்னிப்புக் கேட்டேன். சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "நான்தான் பொய் சொல்லிட்டேன்னு நெனச்சேன் தம்பி. அது நீ எழுதுன பொய்னு தோணவே இல்ல."

5.
முடிவு அ: ஞாயிறன்று நான் எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், சபை அழுகிறது. எனக்குப் பேர் வாங்கித் தரும் முடிவு. கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: சைகல் முழுவதும் குணமாகி... இதை ஏற்கெனவே ஒரு முறை எழுதியிருக்கிறேன். அவள் நம்பிவிட்டாள்.

இன்று காலை அரைக் கிண்ணம் ஆட்டுச் சூப் குடித்தாளாம். நாளைக்கு எழுவாளா, தெரியாது. தெரியும் என்று எழுத என் கைக்கு வரும், அதுதான் பயம். மீதியை அவள் சொல்வாள், சொல்ல வேண்டும் என்று தோன்றினால். அதுவரை அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.