திரும்பிப் பார்த்தால் ஒரு அடி

கையுறை கழலவில்லை. அப்பாவின் இடது கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, அவள் ஒவ்வொரு விரலாக நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் கோல்ஃப் மட்டையைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தன. நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"விடுங்கக்கா, நான் வெட்டி எடுத்துடறேன்."

"வேண்டாம். போன மாசம்தான் வாங்கினாரு. வெட்டினா திட்டுவாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நர்ஸ் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவள். கொஞ்சம் பவுடர் கொண்டுவந்து மணிக்கட்டில் தூவினாள். கையுறை கழன்று வந்தது.

டாக்டர் படிவத்தோடு வந்தார். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? நெஞ்சு வலின்னு ஏதாவது சொன்னாரா?"

"இல்ல. நின்னுட்டிருந்தாரு, திடீர்னு விழுந்துட்டாரு. உடனே தூக்கிட்டு வந்துட்டோம்."

டாக்டர் எழுதிக்கொண்டார். சுவரோரம் நின்றிருந்த மகள் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். பதினாலு வயது. ஒரு இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் தாத்தா அவளுக்கு வைத்த பெயர் நண்டு. அந்த நண்டு எட்டு மணியிலிருந்து நின்ற இடத்திலேயே நின்றிருந்தது.

பத்து மணிக்கு அப்பாவை வீட்டுக் கூடத்தில் கிடத்தினார்கள். நாலு மணிக்குச் சுடுகாட்டு வண்டி வரும் என்று முடிவாயிற்று. அவளால் உட்கார முடியவில்லை. நாற்காலிகளை வெளியே போட்டாள். வெயில் வரும் என்று தோன்ற, மறுபடி உள்ளே இழுத்தாள். ஸ்கூட்டரை வாசலிலிருந்து நகர்த்தினாள். குடத்தில் தண்ணீர் பிடித்தாள், நிரம்பியிருந்த குடத்திலும் பிடித்தாள். கப்பலில் சமையல் வேலை பார்க்கும் கணவனுக்குச் செய்தி அனுப்பியாகிவிட்டது. அவன் வந்து சேரப் பத்து நாளாவது ஆகும். டிரைவிங் ஸ்கூலில் அவளிடம் கார் கற்றுக்கொள்ளும் பெண்ணை அழைத்து, "நாளைக்கு ரிவர்ஸ் கிளாஸ் கிடையாதும்மா" என்றாள். ஏன் என்று அந்தப் பெண் கேட்க, "வேலை இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"கொஞ்சம் உட்காரேம்மா" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன்க்கா."

உண்மை அதுவல்ல. உட்கார்ந்தால் காலையில் நடந்தது கண்முன் வந்து நின்றது. நடந்துகொண்டிருந்தால் அது ஒரு எட்டு பின்னால் வந்தது.

அப்பா பம்பு மெக்கானிக். ஊரை ஒட்டிய ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஒரு கோடையில் மூன்று தடவை படுத்துவிட்டது. மூன்று தடவையும் எழுப்பிவிட்டவர் அப்பாதான். கூலி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய மனிதர்கள் தூங்கி எழுந்து வருவதற்குள் நாங்களும் கொஞ்சம் அடித்துக்கொள்கிறோம் என்று செக்ரட்டரியிடம் கேட்டு வாங்கிவிட்டார். அதற்கு இருபத்தாறு வருடம் ஆகிறது. யாரோ கழித்துப்போட்ட ஐந்து மட்டைகள், குட்டையில் துழாவி எடுத்த பந்துகள். முதலில் அண்ணனும் அவளும் போனார்கள். பிறகு அண்ணன் நின்றுவிட்டான். ஆறு வருடமாக நண்டும் சேர்ந்துகொண்டாள்.

கோல்ஃபில் ஒருவர் பந்தைக் குழிக்குள் தட்டும்போது மற்றவர்கள் மூச்சுக்கூட மெதுவாக விடுவதுதான் மரியாதை. அப்பாவுக்கும் மரியாதைக்கும் ரொம்ப தூரம். நாம் குனிந்து குறி பார்க்கிற நேரம் பார்த்து இருமுவார். சாவிக்கொத்தைக் குலுக்குவார். "பாம்பு, பாம்பு" என்பார். "வீட்டுல கேஸை மூடினியா?" என்று கேட்பார். அதோடு அவரே போட்ட சட்டம் ஒன்று உண்டு: திரும்பிப் பார்த்தால் கணக்கில் ஒரு அடி கூடுதல். குறைந்த அடியில் முடிப்பவர்தானே ஜெயிப்பார். "பக்கத்துல இடி விழுந்தாலும் நட்டு இறுக்கறவன் கை நட்டுலதான் இருக்கணும்" என்பார்.

அவள் அதைப் படித்துக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்கக் கண்ணாடியையும் கற்றுக்கொள்பவரின் காலையும் பின்னால் வரும் லாரியையும் மாறி மாறிப் பார்ப்பது அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கழுத்து சும்மா இருக்கும். அப்பா கரணம் போட்டாலும் அவள் திரும்பமாட்டாள். ஆனாலும் இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவரை அவள் ஜெயித்ததில்லை.

இன்று காலை ஒன்பதாவது குழியில் அப்பா முடித்துவிட்டார். அவள் பந்து குழிக்கு இரண்டு எட்டு தள்ளி நின்றது. அது ஒரே தட்டில் உள்ளே போனால் ஜெயம். நண்டு குழியிலிருந்து கொடியை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள். அப்பா, மட்டையோடு நின்ற அவளுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தார். அவள் குனிந்ததும் முனகல் சத்தம் கேட்டது. 'ஆரம்பிச்சாச்சு' என்று நினைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இரும்மா. நெஞ்சை என்னமோ பண்ணுது."

"பண்ணட்டும்ப்பா. நான் முடிச்சுக்கறேன்."

"அம்மா, தாத்தா உட்கார்ந்துட்டாரு" என்றாள் நண்டு.

"ஓகோ, நீயும் அவரு கட்சியா?"

கவனம் கலைந்துவிட்டது. கலைந்தால் ஆற அமர மறுபடி ஆரம்பிக்கவேண்டும் என்பதும் அப்பா சொன்னதுதான். அவள் நிமிர்ந்தாள். கண்ணைத் தரையை விட்டு எடுக்காமலே குழியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், புல்லில் இருந்த ஒரு சருகை எடுத்துப்போட்டாள், மறுபடி குனிந்தாள், தட்டினாள். பந்து விளிம்பில் தயங்கி, உள்ளே விழுந்தது. "ஜெயிச்சுட்டேன்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டே அவள் திரும்பினாள். அப்பா ஒருக்களித்துக் கிடந்தார்.

ஒரு மணிக்கு அண்ணன் வந்தான். மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு கூரியர் ஆபீசுக்கு மேனேஜர். அப்பாவின் காலடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வீட்டையும் ஒரு ஆபீசைப்போல நடத்த ஆரம்பித்தான். வந்தவர்களிடமெல்லாம், "ஒரே நொடி. வலின்னா என்னன்னே தெரியாம போயிட்டாரு. நல்ல சாவு" என்றான். அவள் தண்ணீர் தட்டோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த 'ஒரே நொடி' காதில் விழுந்தது. தட்டை அப்படியே போட்டுவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது.

சமையலறையில் அவன் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"சரியா சொல்லு. நின்ன வாக்குல விழுந்தாரா?"

"ம்."

"எதுவும் பேசலையா?"

"இல்லண்ணா."

கழுவிக் கவிழ்த்த தம்ளர்களை எடுத்து அவள் மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அண்ணன் கதவில் சாய்ந்துகொண்டான்.

"எனக்கு ஒரு தடவை மயக்கம் போட்டுக் காட்டினாரே, ஞாபகம் இருக்கா? நான் மட்டையைப் போட்டுட்டு ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில வச்சா, ஒத்தக் கண்ணைத் திறந்து 'ஒரு அடி'ன்னாரு. நீ விழுந்து விழுந்து சிரிச்சே."

"சின்னப் பொண்ணுண்ணா அப்ப."

"எனக்கு அழுகையே வந்துருச்சு. இனிமே இந்த மனுஷனோட விளையாடறதில்லன்னு அன்னைக்கு விட்டதுதான். நீதான் சரியான ஆளு அவருக்கு. என்ன ஆட்டம் காட்டினாலும் திரும்பமாட்டே." அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். பெருமையாகத்தான் சொன்னான். அவள் கையில் இருந்த தம்ளர் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது.

"நண்டு எங்க?" என்று கேட்டுக்கொண்டே அவனைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள்.

நண்டு கூடத்தில் இல்லை. படுக்கையறையில் இல்லை. குளியலறைக் கதவு திறந்திருந்தது. அவள் வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். நாலு மணியை நெருங்கும்போது மொட்டைமாடித் தொட்டியின் நிழலில் கண்டுபிடித்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காலையில் போட்டிருந்த அதே சட்டையோடு.

"சாப்பிட்டியா?"

நண்டு சட்டைக் கையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ கூப்பிட்டப்போ நான் திரும்பல. அந்தக் கோவம்தானே?"

நண்டு இல்லை என்று தலையாட்டினாள். "நான் அவரு மூஞ்சியப் பாத்தேன்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவள் உட்கார்ந்தாள்.

"உனக்குப் பின்னாடி இருந்தாரு, உனக்குத் தெரியாது. எனக்கு நேரா இருந்தாரு. எப்பவும் நடிக்கறப்போ என்னப் பாத்துக் கண்ணடிப்பாரு. இன்னைக்கு அடிக்கல. நடிப்பு இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. நீ கட்சியான்னு கேட்டதும் பேசாம இருந்துட்டேன். கொடியப் பிடிச்சுட்டு அப்படியே நின்னேன்மா. நீ ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு இருந்துச்சு." அம்மாவின் பக்கம் திரும்பினாள். "கொடியப் போட்டுட்டு ஓடியிருந்தா பொழச்சிருப்பாரா?"

"உன் மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு."

"அப்ப யாரு தப்பு?"

"யாரு தப்பும் இல்ல."

"அப்ப ஏன் டாக்டர்கிட்ட மாத்திச் சொன்னே? மாமாகிட்டயும் வேற மாதிரி சொல்றே. தப்பு இல்லன்னா எதுக்கு மறைக்கணும்?" மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "புரியுதும்மா. நான் பண்ணதையும் யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சொல்லமாட்டேன்."

அவளுக்குப் பயம் வந்தது. ஆஸ்பத்திரியில் வராத பயம். அந்தப் பொய் தன்னோடு போகும், தான் செத்தால் அதுவும் செத்துவிடும் என்று நினைத்திருந்தாள். இந்தப் பெண் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள், கல்யாணம் செய்துகொள்வாள், ஐம்பது வயதிலும் ஏதோ ஒரு மாடியில் இப்படி உட்கார்ந்திருப்பாள்.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

கூடத்தில் அண்ணன் கோல்ஃப் மைதானத்துச் செக்ரட்டரியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரே நொடிதான் சார். பக்கத்துலயே இருந்தும் ஒண்ணும் பண்ண முடியல பாவம், இவங்களால."

"ஒரு நொடி இல்லண்ணா" என்றாள் அவள்.

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

"நெஞ்சை என்னமோ பண்ணுதுன்னு சொன்னாரு. நான் நடிப்புன்னு நினைச்சேன். பண்ணட்டும்ப்பான்னு கிண்டல் பண்ணேன். திரும்பிப் பார்க்கல. டாக்டர்கிட்டயும் உன்கிட்டயும் பொய் சொன்னேன்." மகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இவ ஒருத்திதான் என்னக் கூப்பிட்டா. நான் கேக்கல. இவ கூப்பிட்டா, எல்லாரும் தெரிஞ்சுக்கங்க."

எதிர்வீட்டு அக்கா, "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்று ஆரம்பித்து, யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திவிட்டாள். அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம். மூணாவும் இருக்கலாம். சுத்தி வந்து குறி பார்த்தேன்."

அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"பந்து உள்ள போச்சா?"

"என்ன?"

"கேக்கறேன்ல. போச்சா?"

"போச்சு."

"அவரு பாத்தாரா?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒரே ஆளுக்குத்தான். அண்ணனும் அந்தப் பக்கம் திரும்பினான்.

"பாத்தாரு மாமா" என்றாள் நண்டு. "கையத் தூக்கினாரு. கூப்பிடறதுக்கா, நல்லாருக்குன்னு சொல்றதுக்கா, எனக்குத் தெரியல."

வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, கிளம்பலாமா என்று கேட்டார். அண்ணன் தலைமாட்டுப் பக்கம் போய்க் குனிந்தான். செக்ரட்டரியும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அப்பா ஒல்லிதான், ஆனாலும் வாசற்படியில் கொஞ்சம் திணறினார்கள்.

அவள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டியில் ஏறுவதா, அண்ணன் ஏறவிடுவானா என்று தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து நண்டு செருப்பு வாரை மாட்டப் பார்த்தாள். கொக்கியின் ஊசி துளைக்குள் போகமாட்டேன் என்றது. மறுபடி முயன்றாள், மறுபடியும் நழுவியது.

அப்பாவை ஏற்றிவிட்டு அண்ணன் திரும்பி நடந்து வந்தான். நேராகத் தன்னைப் பார்த்துத்தான் வருகிறான் என்று நினைத்து அவள் நிமிர்ந்து நின்றுகொண்டாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தாள். அவன் அவளைத் தாண்டிப் போய், படிக்கட்டுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, நண்டின் காலை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு வாரை மாட்டினான்.

வண்டிக்காரர் ஒரு தடவை ஹார்ன் அடித்தார்.

"அந்தக் காலைக் குடு" என்றான் அண்ணன்.